யாழினியின் அலாஸ்கா ஆசை: தோழிக்கு ஒரு பதில்

ஃபேர்பேங்க்ஸ், அலாஸ்கா
நவம்பர் 9

அன்புள்ள தேன்மொழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. யாழினி நிலவியல் படிக்க இங்குள்ள அலாஸ்கா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறாள் என்று படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, ஆனால் "செலவு குறைவு என்கிறாள், உண்மையா?" என்று குமரன் கேட்டதாக நீ எழுதியிருந்த அந்த ஒரு வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. குறைவுதான், எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து.

அமெரிக்காவில் அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிமாநிலப் பிள்ளைகளிடம் உள்ளூர்க் கட்டணத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு வாங்குவது உனக்குத் தெரியும். மேற்கு மாநிலங்கள் சேர்ந்து 1980களின் பிற்பகுதியில் இதற்கு ஒரு மாற்று ஏற்பாடு செய்துகொண்டன. வெஸ்டர்ன் அண்டர்கிராஜுவேட் எக்ஸ்சேஞ்ச் என்பது அதன் முழுப்பெயர். எல்லோரும் சுருக்கமாக வூயி என்கிறார்கள். அதில் சேர்ந்துள்ள மாநிலத்துப் பிள்ளை இன்னொரு மாநிலத்துக்குப் போனால், அங்குள்ள உள்ளூர்க் கட்டணத்தில் 150 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டியதில்லை. உங்கள் வாஷிங்டன் மாநிலமும் அதில் இருக்கிறது, அலாஸ்காவும் இருக்கிறது. ஆனால் எந்தப் பாடப்பிரிவுக்குத் தருவது, எத்தனை பேருக்குத் தருவது, எத்தனை ஆண்டுகளுக்குத் தருவது என்பதையெல்லாம் அந்தந்தப் பல்கலைக்கழகமே முடிவு செய்கிறது. ஆகவே சேர்க்கை அலுவலகத்திடம் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே குமரன் கணக்குப் போடட்டும்.

அப்படிக் கணக்குப் போடும்போது உங்கள் மாநிலத்திலேயே பெல்லிங்ஹாமில் இருக்கும் வெஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல். அங்கே அவள் உள்ளூர்ப் பெண், நிலவியலும் இருக்கிறது, மலையும் கடலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அதோடு ஒப்பிட்டால் ஃபேர்பேங்க்ஸ் மலிவில்லை. விமானச் சீட்டையும் குளிர்காலத் துணிமணிகளையும் சேர்த்தால் கூடுதலாகவே வரும். கொலராடோவிலோ கலிஃபோர்னியாவிலோ முழு வெளிமாநிலக் கட்டணம் கட்டிப் படிப்பதோடு ஒப்பிட்டால்தான் இது மலிவு. இரண்டு ஆண்டு இங்கே இருந்துவிட்டால் உள்ளூர்க் கட்டணத்துக்கு மாறிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே; வூயி சலுகையில் படிக்கும் காலம் பொதுவாக அந்தத் தகுதிக்குக் கணக்கில் வராது. உன் அண்ணன் கேட்டாரே, எண்ணெய் வருவாய் நிதியிலிருந்து அலாஸ்காக்காரர்களுக்கு ஆண்டுதோறும் வரும் பணம், அதுவும் இங்கேயே நிலையாக வாழும் எண்ணத்தோடு வந்தவர்களுக்குத்தான். படிக்க வரும் பெண்ணுக்குக் கிடையாது என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடு.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. 2019ஆம் ஆண்டு மாநில ஆளுநர் டன்லெவி, பல்கலைக்கழகத்துக்கான அரசு நிதியில் 13 கோடி டாலரை ஒரே கையெழுத்தில் வெட்டினார். கடும் எதிர்ப்புக்குப் பிறகு அது மூன்று ஆண்டுகளில் 7 கோடி டாலர் குறைப்பு என்று ஓர் உடன்பாடாக முடிந்தது. முடிந்தாலும் பாடப்பிரிவுகள் சில மூடப்பட்டன, ஆசிரியர்கள் பலர் கிளம்பிப் போனார்கள். ஏற்கெனவே சிறிய துறைகளில் ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். மேல்நிலைப் பாடங்களைப் பாடத்திட்ட நூலில் தேடினால், சிலவற்றின் அடியில் இரட்டைப்படை ஆண்டுகளின் இலையுதிர் பருவத்தில் மட்டும் நடத்தப்படும் என்பது போன்ற குறிப்பு இருக்கும். அப்படிப்பட்ட பாடத்தை, அதற்கு முன்தேவையான இன்னொரு பாடத்தை முடிக்காததால் ஒரு முறை தவறவிட்டால், மறுபடி வர இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். ஐந்தாவது ஆண்டு என்பது கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு என எல்லாவற்றுக்கும் ஓர் ஆண்டுச் செலவு கூடுதல். வூயி நான்கு ஆண்டோடு நின்றுவிடும் இடங்களில் அந்த ஆண்டு முழுக் கட்டணம். மலிவான பல்கலைக்கழகம் விலை உயர்ந்ததாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான், தேன்மொழி. அதனால் யாழினி மலைகளின் படங்களைப் பார்ப்பதற்கு முன்னால், துறைத் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, அடுத்த நான்கு ஆண்டுகளில் எந்தப் பாடம் எந்தப் பருவத்தில் வரும் என்று கேட்டு, எட்டுப் பருவங்களையும் ஒரு தாளில் நிரப்பிப் பார்க்கட்டும். நிரம்பவில்லை என்றால் வேறு இடம் பார்ப்பதே நல்லது. இங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள கிரெடிட் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் வாங்கப்படுவதால், சும்மா ஆசைக்கு எடுக்கும் பாடத்துக்கும் காசு உண்டு என்பதையும் அவள் அறிந்திருக்க வேண்டும்.

அந்தத் தாள் நிரம்பிவிட்டால் அவளுக்கு இங்கே கிடைப்பதும் சாதாரணமானதன்று. புவி இயற்பியல் நிறுவனம் 1946இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தொடங்கப்பட்டது. நிலநடுக்கம், எரிமலை, பனியாறு, துருவ ஒளி எல்லாம் அதன் கூரைக்கடியில் இருக்கின்றன. ஊருக்கு வடகிழக்கே போக்கர் ஃபிளாட்டில் பல்கலைக்கழகத்துக்கே சொந்தமாக ஒரு ராக்கெட் ஏவுதளம் இருக்கிறது. வடக்கே டால்ட்டன் நெடுஞ்சாலையில் போனால், துருவப் பகுதியை ஆராயும் டூலிக் கள ஆய்வு நிலையம். பெரிய பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட மாணவர்களைத் தாண்டி இளங்கலை மாணவர்களால் உள்ளே எட்டிப் பார்க்கவும் முடியாத ஆய்வகங்களில், இங்கே இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் பனிக்கட்டி மாதிரிகளை அறுத்துக்கொண்டிருப்பதை நான் பார்க்கிறேன். மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கும் போஸ்மனைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஊர் அழகுதான், ஆனால் அங்கே வீட்டு வாடகை ஏறிய வேகத்தில் கட்டணச் சலுகை காணாமல் போய்விடும் என்பது என் எண்ணம்.

இனி நீ உண்மையிலேயே பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். இப்போதே மாலை நான்கு மணிக்குச் சூரியன் போய்விடுகிறது. டிசம்பர் 21 அன்று பகல் நான்கு மணி நேரம்கூட இருக்காது. மைனஸ் 40 வரை போகும் நாட்களில், கார் நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் ஒரு மின்கம்பி தொங்கிக்கொண்டிருக்கும். இஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டருக்கு மின்சாரம் கொடுக்காவிட்டால் வண்டி கிளம்பாது. கிளம்பினாலும் இரவெல்லாம் நின்ற இடத்தில் தட்டையாக உறைந்த டயர்கள் சிறிது தூரம் தடதடவென்று குதித்துக்கொண்டுதான் போகும். விடுதியில் இருக்கும் வரை இவை எதுவும் யாழினியைத் தொடாது. ஆனால் ஓரிரண்டு ஆண்டில் விடுதிச் செலவை மிச்சப்படுத்த அவள் கேபின் வாடகைக்கு எடுக்கலாம் என்பாள், அதை இப்போதே தெரிந்துகொள். தரைக்கடியில் மண் பல இடங்களில் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடப்பதால் கிணறும் கழிவுநீர்த் தொட்டியும் அமைப்பது பெருஞ்செலவு. அதனால் குழாய்த் தண்ணீரே இல்லாத சிறு மரவீடுகள் இங்கே ஏராளம், மாணவர்கள் நிறையப் பேர் அவற்றில்தான் இருக்கிறார்கள். ஐந்து காலன் கேன்களில் தண்ணீர் பிடித்து வர வேண்டும், குளியல் வளாகத்தில், கழிப்பறை வெளியே. அந்தக் கழிப்பறையின் இருக்கையை நீல நிற ஃபோம் பலகையில் வெட்டிச் செய்திருப்பார்கள். மைனஸ் 30இலும் அது உடம்பில் சில்லிடாது. நீ முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. நம் விடுதியில் விடியற்காலையில் வாளியோடு வரிசையில் நின்றவர்கள் நாம், அதனால் நீ மிகவும் அதிர்ச்சி அடைய வேண்டியதில்லை.

குளிரைவிட இருட்டு கடினம். அதைத் தாங்குகிறவர்கள் பெரும்பாலும் வெளியே போகிறவர்கள்தான். வளாகத்துக்குள்ளேயே பனிச்சறுக்குப் பாதைகள் இருக்கின்றன, நண்பகல் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் போய்வருகிற பிள்ளைகள் பிப்ரவரியிலும் தெளிவாக இருக்கிறார்கள். அறையிலேயே அடைந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வாடிப்போகிறார்கள். யாழினி எந்த வகை என்று உனக்குத்தான் தெரியும்.

சிறு வயதில் அவளுக்கு மூச்சு இழுப்பு இருந்ததே, அது இப்போது எப்படி இருக்கிறது? இதைக் கட்டாயம் மருத்துவரிடம் கேள். குளிர்காலத்தில் காற்று அசையாமல் பள்ளத்தாக்கில் படிந்துவிடுவதால், விறகு அடுப்புப் புகையெல்லாம் ஊருக்கு மேல் மூடியாக நின்றுவிடுகிறது. நுண்துகள் அளவு வரம்பைத் தாண்டிய பகுதி என்று மத்தியச் சுற்றுச்சூழல் முகமை 2009இலேயே அறிவித்துவிட்டது. வளாகம் சற்று மேட்டில் இருப்பது ஓரளவு ஆறுதல். ஆனாலும் இழுப்பு இன்னும் இருந்தால், மற்ற எல்லாம் பொருந்தி வந்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

ஜூன் மாதத்தில் அவளை இங்கே அழைத்து வராதே. நள்ளிரவிலும் வெளிச்சமாக இருக்கும், யாருக்கும் இந்த ஊர் பிடித்துப்போகும். ஜனவரிக் கடைசியில் வாருங்கள். சியாட்டிலிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, மூன்றரை மணி நேரம்தான். என் வீட்டில் தங்கலாம். அவள் வகுப்பு ஒன்றில் உட்கார்ந்து பார்க்கட்டும், துறையில் நேரில் பேசட்டும், பேருந்துக்காகக் குளிரில் ஒரு முறை நிற்கட்டும். தேதி முடிவானதும் எழுது, நானும் விடுப்புச் சொல்ல வேண்டும். கனத்த கோட்டும் பூட்ஸும் அங்கே வாங்கிப் பணத்தை வீணாக்காதே. இரண்டு பேருக்கும் ஆகிற அளவில் இங்கே இருக்கின்றன, யாழினியின் கால் அளவை மட்டும் சொல்லி அனுப்பு.

குமரனுக்கும் அம்மாவுக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
மங்கை