மேகாலயன் ஒரு யுகமன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாம் வாழும் மேகாலயன் காலப் பிரிவை 'யுகம்' என்று எழுதுவது பொருந்தாது. புவியியலாளர் வகுத்த படிநிலையில் அது மிகச் சிறிய அலகுகளுள் ஒன்று. சிரபுஞ்சி அருகே மவ்ம்லூ குகையில், கூரையிலிருந்து சொட்டிய நீர் துளித்துளியாகச் சுண்ணாம்பை விட்டுச் சென்று தரையில் எழுப்பிய தூணில், பருவமழை நெடுங்காலம் குன்றியதை ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் (எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களின்) விகிதம் காட்டியது. யுரேனியம் தோரியமாகச் சிதையும் வேகத்தைக் கொண்டு மழை குன்றியதைக் காட்டும் அடுக்கின் வயது ஏறத்தாழ 4,200 ஆண்டுகள் எனக் கணித்தார்கள். 2018-இல் அதுவே மேகாலயன் தொடங்கும் உலகப் பொது எல்லையாக ஏற்கப்பட்டது. கடைசிப் பனிக்காலத்துக்குப் பின் வந்து இன்றும் தொடரும் ஹோலோசீன் காலத்தின் மூன்று பிரிவுகளுள் மேகாலயன் கடைசியானது; மற்ற இரு பிரிவுகளின் தொடக்க எல்லைகளும் கிரீன்லாந்துப் பனிப்படிவில் குறிக்கப்பட்டிருக்க, இது ஒன்று நம் பருவமழையின் பதிவு என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. பள்ளிப் பாடநூல்களில் அந்தத் தூணின் படம் இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், அரியலூர்