விலகிய பின் மிஞ்சியவை: சண்முகத்துக்கு ஒரு கடிதம்

லெஸ்டர்,
2026 பிப்ரவரி 8.

அன்புள்ள சண்முகம்,

பொங்கல் முடிந்த கையோடு நீ எழுதிய கடிதம் சென்ற வாரம்தான் என் கைக்கு வந்தது. கண் அறுவைக்குப் பிறகும் உன் கையெழுத்து அப்படியே இருக்கிறது. கேள்வி கேட்கும் தோரணையும் மாறவில்லை. "பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்ததே, அதில் தொழிலாளி இழந்தது என்ன, முதலாளி பெற்றது என்ன, ஒரு பக்கத்தில் எழுது" என்று கேட்டிருக்கிறாய். கோவை தொழிலாளர் நீதிமன்றத்தில் முப்பது ஆண்டுகள் வாதாடியவனுக்கு ஒரு பக்கத்தில் பதில் சொன்னால் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்வேன் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் சட்டம் படித்தவன் அல்லன். விளக்குச் சாதனங்கள் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையில் 26 ஆண்டுகள் சம்பளப் பட்டியல் போட்டவன், ஓய்வு பெற்றபின் வாரம் இரண்டு நாள் ஓர் இலவச ஆலோசனை மையத்தில் உட்காருகிறவன். அந்த இரண்டு மேசைகளிலிருந்து தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் உன் கேள்வியிலேயே ஒரு திருத்தம். தொழிலாளர் உரிமைகள் எல்லாம் ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் கொடுத்த வரம் என்ற எண்ணத்தில் நீ கேட்டிருக்கிறாய். ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்ற 2016 வாக்கெடுப்பின்போது இங்கே பலரும் அப்படித்தான் பேசினார்கள். ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற சட்டம் இந்த நாட்டில் 1970இல் நிறைவேறியது. நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு 1971இல் வந்தது. ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் பிரிட்டன் சேர்ந்ததோ 1973 ஜனவரி முதல் நாளில். 1999 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியத்துக்கும் ஐரோப்பாவுக்கும் தொடர்பில்லை. பேறுகால விடுப்பு இங்கே 52 வாரம், ஒன்றியம் கேட்டது 14 வாரம்தான். ஐரோப்பாவிலிருந்து வந்தவை வேறு: வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரம் என்ற வரம்பு, சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு, நிறுவனம் கைமாறும்போது பழைய பணி நிபந்தனைகள் தொடர்தல், ஏஜென்சி மூலம் வந்தவருக்கும் 12 வாரம் கழித்து நிரந்தரத் தொழிலாளிக்கு இணையான அடிப்படைக் கூலி. 1998க்கு முன் எல்லாத் தொழிலாளர்க்கும் பொதுவான ஊதிய விடுப்பு என்று இங்கே ஒரு சட்டமே இல்லை என்பதை நான் சொன்னால் நம் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள்.

இந்த இரண்டாம் வகை உரிமைகள், விலகலுக்குப் பிந்தைய இடைக்காலம் முடிந்த 2020 டிசம்பர் 31 இரவில் மறைந்துவிடவில்லை. மறுநாள் காலை எங்கள் சம்பளப் பட்டியலில் ஒரு வரிகூட மாறவில்லை, ஏனென்றால் ஐரோப்பிய விதிகளை அப்படியே உள்நாட்டுச் சட்டமாக நகலெடுத்து வைத்துக்கொள்ள 2018லேயே ஏற்பாடு செய்திருந்தார்கள். போனது, அந்த உரிமைகளைக் கட்டிக்காத்த பூட்டு. நம் நாட்டில் அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிடலாம். இங்கே நாடாளுமன்றத்துக்கு மேலே எதுவும் இல்லை, அதைக் கட்டுப்படுத்த எழுதப்பட்ட அரசியல் சட்டமும் இல்லை. ஒன்றியத்தில் இருந்தவரையில், எத்தனை பெரிய பெரும்பான்மையோடு வந்த அரசும் அந்த விதிகளுக்குக் கீழே இறங்க முடியாது என்ற நிலை இருந்தது. பாலினப் பாகுபாட்டு வழக்குகளில் இழப்பீட்டுக்கு பிரிட்டன் வைத்திருந்த உச்சவரம்பை 1993இல் லக்சம்பர்க்கில் உள்ள ஒன்றியத்தின் நீதிமன்றம் உடைத்தது ஓர் எடுத்துக்காட்டு. இப்போது சாதாரணப் பெரும்பான்மை போதும். சிலவற்றுக்கு அமைச்சர் கொண்டுவரும் விதிமுறையே போதும்.

"வணிக ஒப்பந்தத்தில் பாதுகாப்பு இருக்குமே" என்று நீ அடுத்துக் கேட்பாய். இருக்கிறது. 2020 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் முடிவான ஒப்பந்தத்தில், வணிகத்தையோ முதலீட்டையோ பாதிக்கும் விதத்தில் தொழிலாளர் பாதுகாப்பைக் குறைக்கலாகாது என்று ஒரு பிரிவு உண்டு. ஆனால் லெஸ்டரில் ஒரு தையல் தொழிலாளி அந்தப் பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு தொழிலாளர் தீர்ப்பாயத்தின் படியேற முடியாது. அது இரண்டு தரப்பு அதிகாரிகள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி.

பூட்டுப் போன வீட்டில் உடனே யாராவது கைவைத்தார்களா என்றால், முயற்சி நடந்தது. 2022 செப்டம்பரில் கொண்டுவரப்பட்ட ஒரு மசோதா, தனியாகக் காப்பாற்றப்படாத ஐரோப்பிய மூலமுள்ள விதிகள் பெரும்பாலானவை 2023 டிசம்பர் 31 அன்று தாமாகவே காலாவதியாகும் என்றது. விடுப்பும் பணி நேர வரம்பும் அதில் அடக்கம். வேடிக்கை என்னவென்றால் அப்படி எத்தனை விதிகள் இருக்கின்றன என்று அரசுக்கே தெரியவில்லை; முதலில் ஏறத்தாழ 2,400 என்று பட்டியல் போட்டார்கள், தேடத் தேட அது 4,800ஐத் தாண்டியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தது வியப்பில்லை. தொழிலதிபர் அமைப்புகளும் சேர்ந்து எதிர்த்தன, எந்தச் சட்டம் உயிரோடிருக்கிறது என்று தெரியாமல் எப்படித் தொழில் நடத்துவது என்று. கடைசியில் 2023 மே மாதம் அமைச்சர் கெமி பேடனாக் பின்வாங்கினார். ஏறத்தாழ 600 விதிகளை மட்டும் பெயர் குறிப்பிட்டு நீக்கினார்கள். அவற்றில் பல, ஏற்கெனவே பயனற்றுக் கிடந்தவை. 2021க்கு முந்தைய பிரிட்டிஷ் சட்டங்களைவிட ஐரோப்பியச் சட்டமே மேலானது என்று அதுவரை நீடித்த கோட்பாடும் 2024 ஜனவரி முதல் நாளோடு முடிந்தது.

நான் மிகவும் அறிந்தது விடுப்புச் சம்பளம், ஆகவே அதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி. ஆண்டு விடுப்பு 5.6 வாரம்; அதில் 4 வாரம் ஐரோப்பா சொன்னது, மிச்சம் 1.6 வாரம் பிரிட்டன் தானாகச் சேர்த்தது. ஒழுங்கான நேரம் இல்லாமல் வேலை செய்பவருக்கு விடுப்பைக் கணக்கிட எங்களைப் போன்றவர்கள் 12.07 விழுக்காடு என்ற எண்ணை வைத்திருந்தோம்: 52 வாரத்தில் விடுப்பைக் கழித்தால் 46.4, அதால் 5.6ஐ வகுத்தால் கிடைப்பது அது. 2022 ஜூலையில், பள்ளியில் சாக்ஸபோனும் கிளாரினெட்டும் கற்பித்த ஓர் ஆசிரியையின் வழக்கில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கு செல்லாது என்றது. ஆண்டு முழுதும் ஒப்பந்தம் இருந்து சில வாரங்களில் மட்டும் வேலை செய்பவருக்கும் முழு 5.6 வாரம் உண்டு என்பது தீர்ப்பு. 32 வாரம் வேலை செய்தால் அது 17.5 விழுக்காடாகிறது. முதலாளிமார் அலறினார்கள். 2024 ஏப்ரல் முதல் தொடங்கும் விடுப்பு ஆண்டுகளுக்கு அரசு 12.07ஐ மீண்டும் சட்டமாக்கிக் கொடுத்தது.

இதை முழுக்க பிரெக்ஸிட்டின், அதாவது விலகலின், கணக்கில் எழுதினால் அது நேர்மையாகாது, ஏனென்றால் வேலை செய்த அளவுக்கு விடுப்பு என்பதை ஐரோப்பியச் சட்டமும் அனுமதிக்கிறது. ஆனால் அதே விதிமுறை இன்னொன்றையும் செய்தது. விடுப்புச் சம்பளத்தை, விடுப்பு எடுக்கும்போது தராமல், வாராந்தரக் கூலியோடு சேர்த்தே கொடுத்துவிடும் பழக்கத்தை 2006இல் லக்சம்பர்க் நீதிமன்றம் தவறென்று சொல்லியிருந்தது. கையில் கலந்து வரும் காசு வாடகைக்கும் பாலுக்கும் போய்விடும், பிறகு எவரும் விடுப்பு எடுக்க மாட்டார் என்பதே அதன் நியாயம். அந்தப் பழக்கம் ஒழுங்கற்ற நேரத் தொழிலாளர்க்கு இப்போது இங்கே சட்டப்படியானது. ஆலோசனை மையத்துக்கு வரும் கிடங்குத் தொழிலாளர்களிடம் "கடைசியாக எப்போது விடுப்பு எடுத்தீர்கள்?" என்று கேட்கிறேன். பலர் சிரிக்கிறார்கள்.

மற்றபடி பெரிய இடிப்பு எதுவும் நடக்கவில்லை. 50 பேருக்குக் குறைவான நிறுவனம் கைமாறும்போது, பிரதிநிதிகள் இல்லையென்றால் தொழிலாளரிடம் நேரடியாகவே பேசிக்கொள்ளலாம் என்றார்கள். நாள்தோறும் வேலை நேரத்தைப் பதிவு செய்யத் தேவையில்லை என்றார்கள். இனி வேறுபாடு வருவது ஐரோப்பா நகர்வதாலும் பிரிட்டன் நின்ற இடத்தில் நிற்பதாலும்தான். ஊதிய வெளிப்படைத்தன்மை பற்றிய ஐரோப்பிய ஆணையை உறுப்பு நாடுகள் இந்த ஜூன் மாதத்துக்குள் சட்டமாக்க வேண்டும். செயலி வழியாக வேலை செய்வோர் பற்றிய ஆணைக்கு டிசம்பர் வரை கெடு. இரண்டும் எங்களைக் கட்டுப்படுத்தா.

எதிர்த் திசையிலும் ஒன்று சொல்ல வேண்டும். 2022 மார்ச்சில் பி அண்ட் ஓ கப்பல் நிறுவனம் ஏறத்தாழ 800 மாலுமிகளை முன்னறிவிப்பின்றி ஒரே நாளில் வெளியேற்றியது. கலந்தாலோசிக்கும் கடமையைத் தெரிந்தே மீறினோம் என்று அதன் தலைவர் நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டார். ஆட்குறைப்புக்கு முன் ஆலோசனை என்பது ஐரோப்பிய மூலமுள்ள விதிதான். அது அன்றும் உயிரோடுதான் இருந்தது, மீறுவது மலிவாக இருந்தது, அவ்வளவே. சென்ற டிசம்பரில் தொழிற்கட்சி அரசு நிறைவேற்றிய சட்டம் அப்படி மீறும் முதலாளி தொழிலாளிக்குத் தர வேண்டிய உச்சத் தண்டத்தை 90 நாள் சம்பளத்திலிருந்து 180 நாளாக உயர்த்துகிறது. நியாயமற்ற பணிநீக்கப் பாதுகாப்புக்கு இரண்டு ஆண்டு காத்திருப்பதை ஆறு மாதமாகக் குறைக்கிறது. ஒன்றியம் கேட்காததை ஒரு பிரிட்டிஷ் அரசே செய்கிறது. அடுத்த அரசு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் எந்தத் தடையும் இல்லை.

முதலாளி பெற்றது என்ன என்று கேட்டாயே, எங்கள் பழைய தொழிற்சாலையின் கதையைக் கேள். "செம்பட்டித் தளை" என்று இவர்கள் சொல்லும் அரசுக் காகிதச் சுமையை எரித்துவிடுவோம் என்றுதான் வாக்குக் கேட்டார்கள். பொருள் ஐரோப்பிய விதிகளுக்கு இணங்கியது என்று காட்ட விளக்குகளில் பொறிக்கப்படும் சி.இ. முத்திரைக்குப் பதிலாக, யு.கே.சி.ஏ. என்று பிரிட்டனின் சொந்த முத்திரை வரும் என்றார்கள். முதலாளி புதிய அச்சுகளுக்கும் சோதனைச் சான்றுகளுக்கும் பணம் கட்டினார். கெடு தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. 2023 ஆகஸ்டில், பல வகைப் பொருள்களுக்கு சி.இ. முத்திரையே காலவரையின்றிப் போதும் என்று அறிவித்துவிட்டார்கள். செலவழித்தவர் ஏமாளி, சோம்பி இருந்தவர் புத்திசாலி என்றாயிற்று.

அயர்லாந்துக்கும் ஹாலந்துக்கும் போகும் சிறு ஆர்டர்கள் இன்னும் மோசம். ஒப்பந்தப்படி தீர்வை இல்லை, ஆனால் அது பிரிட்டனில் உண்டான பொருள் என்று நிரூபித்தால்தான். விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் எல்.இ.டி. டிரைவர் சீனத்திலிருந்து வருகிறது, உறை லெஸ்டரில் வார்க்கப்படுகிறது. ஒவ்வொரு மாதிரிக்கும் எத்தனை விழுக்காடு எங்கே உண்டானது என்று கணக்கு எழுத வேண்டும். அதோடு சுங்க அறிவிப்பு, முகவர் கட்டணம். இருபது விளக்கு கேட்ட டப்ளின் கடைக்காரருக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். பெரிய நிறுவனம் இதற்கென ஒரு துறையே வைத்துக்கொள்ளும். பதினெட்டுப் பேர் கொண்ட பட்டறை என்ன செய்யும்? வட அயர்லாந்து மட்டும் பொருள்களுக்கான ஐரோப்பிய விதிகளிலேயே நீடிப்பதால், ஒரே நாட்டுக்குள் இரண்டு கணக்கு. சென்ற ஆண்டு மே மாதம் லண்டனில் நடந்த உச்சி மாநாட்டில், உணவு மற்றும் தாவரப் பொருள்களுக்கு ஒன்றியத்தின் விதிகளையே பின்பற்ற பிரிட்டன் இசைந்தது; அந்த விதிகளை எழுதும் மேசையில் இப்போது அதற்கு வாக்கு இல்லை.

இதையெல்லாம் விட என் மனத்தை அறுப்பது வேறொன்று. எங்கள் தொழிற்சாலையில் இருந்த போலந்துக்காரர்கள் மேற்பார்வையாளர் அதட்டினால் மதிய உணவுக்குப் போனவர்கள் திரும்பி வராமல் எதிர்த்தெரு தொழிற்சாலையில் சேர்ந்துவிடுவார்கள். எந்தச் சட்டப் புத்தகத்தையும் விட அந்த எதிர்த்தெருதான் அவர்களைக் காத்தது. தடையற்ற குடிபெயர்வு முடிந்தபின், முதியோர் பராமரிப்பு வேலைக்கு 2022 பிப்ரவரியில் விசா திறந்தார்கள். நம் பிள்ளைகளும் வந்தார்கள். அந்த விசா, ஆதரவளிக்கும் முதலாளியோடு கட்டப்பட்டது. அவர் கைவிட்டால், அல்லது அயல்நாட்டவரை வேலைக்கு எடுக்கும் அவருடைய உரிமம் ரத்தானால், 60 நாளில் வேறொருவரைத் தேட வேண்டும், இல்லையேல் நாடு திரும்ப வேண்டும். அப்படிப்பட்டவருக்கும் 48 மணி நேர வரம்பு, விடுப்பு, தீர்ப்பாயம் எல்லாம் தாளில் உண்டு. சென்ற ஜூலையில் அயல்நாட்டிலிருந்து பராமரிப்பாளரை எடுப்பதையே நிறுத்திவிட்டதால், புதிதாக யாரும் வர முடியாது; இங்கே இருப்பவர் மட்டும் இடம் மாறலாம்.

பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி எங்கள் மையத்துக்கு வந்திருக்கிறாள். வாரம் 39 மணி நேர வேலை என்று சொல்லி அழைத்து வந்து, சில வாரம் 12 மணி நேரம்தான் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதும் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். பெயர் எழுதவில்லை, காரணம் உனக்குத் தெரியும். கூலி பாக்கிக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டேன்; இரண்டு இடங்களில் நேர்காணலுக்கும் சொல்லியிருக்கிறேன். இன்று அவளுக்கு 37ஆவது நாள். ஊரில் ஓர் ஏஜென்ட், ரசீது தராமல், அவள் தந்தையிடம் நிலத்தை அடமானம் வைக்கும் அளவுக்குப் பணம் வாங்கியிருக்கிறான். உன் முகவரியை அவரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் வருவார். அவனுக்கு நோட்டீஸ் அனுப்ப வழி உண்டா என்று பார். கட்டணம் கேட்க மாட்டாய் என்று நானே சொல்லிவிட்டேன், கோபிக்காதே.

அன்புடன்,
உன் ராகவன்