டிரிப் ஆகிறது என்று ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்யாதீர்கள்: எலக்ட்ரீஷியன்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடு வீடாகப் போய் ஒயரிங் வேலை பார்க்கும் அண்ணன் தம்பிகளுக்கு,

வணக்கம். நானும் இருபது வருடத்துக்கு மேலாக இதே தொழிலில் இருப்பவன். போன மாதம் அக்கா வீட்டில் பார்த்தது மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வாஷிங் மெஷினிலிருந்து துணி எடுக்கும்போது அக்காவுக்கு ஷாக் அடித்திருக்கிறது. ஈரத் தரை, வெறும் கால். கை தானாக உதறிக்கொண்டதால் பிழைத்தார். நான் போய், மெயின் சப்ளை சர்க்யூட்டுகளாகப் பிரியும் டி.பி. பாக்ஸைப் பார்த்தேன். கரண்ட் தரைக்குக் கசிந்தால் சப்ளையை வெட்டுகிற ஆர்.சி.சி.பி.யின் லீவர் மேலே, ஆன் நிலையில்தான் இருந்தது. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அசையவே இல்லை. கவரைக் கழற்றிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. மெயினிலிருந்து வந்த பேஸும் நியூட்ரலும் ஆர்.சி.சி.பி.க்குள் போகாமல், இரண்டு துண்டு ஒயர் வழியாக லோடு கூடினால் விழுகிற எம்.சி.பி. சுவிட்சுகளின் வரிசைக்கு நேரே போயிருந்தன. ஜாயின்டில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

மழை நேரத்தில் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று கூப்பிட்டார்களாம். வந்தவர் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. "ஏதாவது பண்ணுங்க, கரண்ட் நிக்கக் கூடாது" என்று வீட்டுக்காரர் தலைமேல் நிற்கும்போது நம் நிலைமை என்ன என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பத்து நிமிட வேலையில் வீட்டின் கடைசிக் காவல் போய்விட்டது.

"எம்.சி.பி. இருக்கே, போதாதா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். நம்மில் சிலரும் அப்படித்தான் நினைக்கிறோம். 1924இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹியூகோ ஸ்டோட்ஸ் நிறுவனம் காப்புரிமை வாங்கிய அந்தச் சாதனம் ஃப்யூஸ் கம்பிக்கு மாற்றாக வந்தது. லோடு கூடினால் உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டை சூடாகி வளைந்து லீவரைத் தட்டிவிடும். ஷார்ட் ஆனால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) இழுத்துத் தட்டிவிடும். இரண்டுமே ஒயரைக் காப்பாற்றுகிற வேலை. 16 ஆம்பியர் சி வகை (சி கர்வ்) எம்.சி.பி. உடனே விழ வேண்டுமானால் குறைந்தது 80 ஆம்பியராவது ஓட வேண்டும். 40 வாட் குண்டு பல்பு எடுப்பது சுமார் 175 மில்லி ஆம்பியர். அதே கரண்ட் நெஞ்சு வழியாகப் போனால் ஆளைக் கொன்றுவிடும். எரிவது பல்பா, துடிப்பது மனிதனா என்று எம்.சி.பி.க்குத் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆர்.சி.சி.பி. பேஸும் நியூட்ரலும் உள்ளே ஒரே வளையத்துக்குள் போகின்றன. போன கரண்ட் முழுதும் திரும்பி வந்தால் வளையம் சும்மா இருக்கும். கொஞ்சம் வேறு வழியில், யாரோ ஒருவரின் உடம்பு வழியாகவேகூட, தரைக்குப் போனால் அந்த வித்தியாசமே லீவரைத் தட்டிவிடும். 1950களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக இதில் பெரிய வேலை நடந்தது. அமெரிக்காவின் பெர்க்லியில் பேராசிரியர் சார்லஸ் டால்சியல், எத்தனை மில்லி ஆம்பியர் வரை மனிதன் பிடித்த கம்பியை விட முடிகிறது என்று தன்னார்வலர்களை வைத்தே அளந்து பார்த்தார். உடம்பு எவ்வளவு தாங்கும் என்ற இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளை வைத்துத்தான் 30 மில்லி ஆம்பியர் என்ற கணக்கு வந்தது. அதனால் டிரிப் தொல்லை குறையும் என்று 100 மில்லி ஆம்பியரை மாட்டாதீர்கள். அது ஆளைக் காப்பதற்கான அளவு இல்லை.

சரி, டிரிப் ஆகிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது? எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் சிங்கிள் போல் எம்.சி.பி. பேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் எங்கேயாவது எர்த்தைத் தொட்டிருந்தால் எல்லாம் இறக்கியிருக்கும்போதும் டிரிப் ஆகலாம். அப்போதுதான் பலர் "ஆர்.சி.சி.பி. கெட்டுப்போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டு நியூட்ரல் ஒயர்களெல்லாம் சேரும் லிங்கிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பாருங்கள், பழுதான ஒயர் மாட்டிக்கொள்ளும். இன்னொரு சர்க்யூட்டின் நியூட்ரலை இதில் சேர்த்திருந்தாலும் நிற்காது. மாடிப்படி விளக்கின் டூ வே ஒயரிங்கில் இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் ஏசி எல்லாம் தலைக்குக் கொஞ்சம் இயல்பாகவே கசியும். எல்லாம் ஒரே ஆர்.சி.சி.பி.யில் இருந்தால் கூடிப்போய்த் தட்டிவிடும். அப்படியானால் சர்க்யூட்டுகளைப் பிரித்து இரண்டு ஆர்.சி.சி.பி. போடுங்கள்.

அக்கா வீட்டில் எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. மெஷினை மாட்டியிருந்த பால்கனி பிளக் பாயின்ட்டின் இரும்புப் பெட்டிக்குள் மழைத் தண்ணீர் இறங்கியிருந்தது. எர்த் ஒயர் பச்சையாகக் களிம்பேறி அறுந்து கிடந்தது. பேஸிலிருந்து கசிந்த கரண்ட், தரைக்கு முழுதாகப் போக வழியில்லாமல், எர்த் பின் வழியாகவே மெஷின் பாடிக்கு ஏறியிருக்கிறது. மழை நாட்களில் ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகிச் சொன்னது இந்தப் பெட்டியைத்தான்.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள், சிறிய இணைப்புகள் நீங்கலாக, எர்த் லீக்கேஜ் பாதுகாப்பை, அதாவது ஆர்.சி.சி.பி. போன்ற சாதனத்தை, கட்டாயமாக்கியிருக்கின்றன. அதை வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். லீக்கேஜ் கண்டுபிடிக்கத் தனிக் கூலி கேளுங்கள், அது நியாயமான கூலி. வேலை முடிந்ததும் அவரையே டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும்போது, நீங்கள் எப்போதோ இப்படி நேரே கொடுத்துவிட்டு வந்த வீடு ஏதாவது நினைவுக்கு வந்தால், இந்த மழை தொடங்குவதற்குள் ஒரு நடை போய் அந்த இரண்டு துண்டு ஒயரையும் எடுத்துவிடுங்கள். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டே போங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒரு ஒயர்மேன்