டிரம்பெட் வேறு, நாதஸ்வரம் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

எமோஜிகளின் பொருளை விளக்கி வெளியான தங்கள் கட்டுரையில், டிரம்பெட் படத்துக்கு நாதஸ்வரம் என்று பொருள் தரப்பட்டிருந்தது. நாதஸ்வரக் கலைஞர்களான எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் ஊரான மதுரையிலிருந்து இதை மறுத்து எழுதுகிறேன்.

டிரம்பெட் பித்தளைக் கருவி. மூன்று வால்வுகளை அழுத்தி வாசிப்பது. நாதஸ்வரமோ ஆச்சா மரத்தில் கடைந்த உலவு என்ற குழலும், அடியில் அணசு என்ற விரிந்த வாய்ப்பகுதியும், மேலே வாயில் வைத்து ஊத நாணலில் செய்த சீவாளியும் கொண்டு, துளைகளை விரலால் மூடித் திறந்து வாசிப்பது. இந்தத் தவற்றை நானும் செய்தவன்தான். எங்கள் வீட்டுத் திருமணத்துக்கு மேளம் பேசியிருந்தவருக்கு மாப்பிள்ளை அழைப்பு நேரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது, அழகுக்காக டிரம்பெட்டையும் இரண்டு குச்சி வைத்த டிரம்மையும் சேர்த்துவிட்டேன். அரை மணி நேரத்தில் அவரே அழைத்து, “பேண்டு செட்டுக்கு அனுப்ப வேண்டியத எனக்கு அனுப்பிட்டீங்களாய்யா?” என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், எனக்குத்தான் சுருக்கென்றது. ஒரு கையில் குச்சியும் மறு கை விரல்களில் மாட்டிய கூடுமாக வாசிக்கிற தவிலுக்கு அந்த டிரம் எப்படி ஈடாகும்?

நம் இளைஞர்கள் டிரம்பெட்டை வேறொரு பொருளில் ஆள்வதையும் கட்டுரை விட்டுவிட்டது. அரசியல் பதிவுகளுக்குக் கீழே அதை இட்டால் ‘ஒத்து ஊதாதே’ என்று அர்த்தம். சுருதிக்காக ஒரே ஸ்வரத்தை விடாமல் ஊதும் ஒத்துக் குழலிலிருந்து வந்த வழக்கு அது. மேளத்தில் அந்த இடத்தைச் சுருதிப் பெட்டி பிடித்துக்கொண்ட பிறகும் பேச்சில் நிற்கிறது. (ஜால்ராவுக்கு ஒரு படம் இருந்திருந்தால் டிரம்பெட்டை யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.)

டிரம்பெட், சாக்சபோன், கிட்டார், வயலின் ஆகியவை 2010-இல், எழுத்துகளுக்கும் எமோஜிகளுக்கும் உலகப் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் சேர்ந்தன. டிரம் 2016-இலும், பாஞ்சோ 2019-இலும், கண்ணனுக்கு உரிய புல்லாங்குழல் 2022-இலும்தான் வந்தன. புதிய படம் கேட்டு யூனிகோடு கூட்டமைப்புக்கு யாரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஏற்கெனவே உள்ள படமே அந்தப் பொருளைச் சுட்டப் போதுமென்றால், அதையே காரணமாகக் காட்டி மறுக்க அவர்களுடைய விதிகளில் இடம் உண்டு. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கும் நிலையில், நாளை யாரேனும் எமோஜிக்கும் விண்ணப்பித்தால், டிரம்பெட்தான் நாதஸ்வரம் என்று நம் பத்திரிகையிலேயே அச்சானது அவர்களுக்கு எதிரான சான்றாகிவிடும். வட இந்தியாவின் ஷெனாயும் நம் நாதஸ்வரமும் ஒரே குடும்பம். சிறிதாக வரையும்போது இரண்டுக்கும் ஓர் உருவமே போதும் என்பதால், ஒரு வட்டாரத்துக்கு மட்டும் உரியது என்ற ஆட்சேபத்துக்கும் பதில் சொல்லிவிடலாம்.

எனவே அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நானும் இப்போதெல்லாம் ‘மேளம்’ என்று எழுத்திலேயே அடித்து அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செல்லூர், மதுரை.