பாதாளக் கரண்டி

அன்பு மகள் கயலுக்கு,

பன்னிரண்டாம் வகுப்பில் என்னிடமே நீ உயிரியல் படித்த ஆண்டில் கேட்ட ஒரு கேள்விக்கு நான் நேர்மையாகப் பதில் சொல்லவில்லை என்பது இத்தனை காலமும் உறுத்திக்கொண்டே இருந்தது. 1928இல் லண்டனில் கிரிஃபித் செய்த எலிச் சோதனையைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தேன். வெப்பத்தால் கொல்லப்பட்ட நிமோனியா பாக்டீரியாவிலிருந்து ஏதோ ஒன்று தீங்கற்ற வகைக்குப் போய்ச் சேர்ந்து எலியைக் கொல்லும் கிருமியாக அதையும் மாற்றியது என்றும், அந்த ஏதோ ஒன்று டி.என்.ஏ.தான் என 1944இல் நியூயார்க்கில் ஏவரியும் அவருடைய சக ஆய்வாளர் இருவரும் காட்டினார்கள் என்றும் சொல்லி முடித்தபோது நீ எழுந்து, "அவ்வளவு நீளமான டி.என்.ஏ. செல்லுறையைத் தாண்டி எப்படி உள்ளே போகும், டீச்சர்?" என்றாய். (வகுப்பில் நீ ஒரு நாளும் என்னை அம்மா என்று அழைத்ததில்லை.) "செல் அதை உள்ளெடுத்துக்கொள்கிறது" என்றேன். அது பதிலன்று, உன் கேள்வியையே வாக்கியமாக்கித் திருப்பிக் கொடுத்திருந்தேன்.

அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் அங்கூர் டாலியாவின் ஆய்வுக்குழு 2018இல் வெளியிட்ட படக்காட்சியை இப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். காலரா பாக்டீரியாவின் மேற்பரப்பிலிருந்து பிலி என்னும் புரத இழை நீள்கிறது. நம் தலைமயிரைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் மெல்லியது என்பதால் சாதாரண நுண்ணோக்கியில் தென்படாது. அந்தப் புரதத்தில் ஓர் அமினோ அமிலத்தை மட்டும் மாற்றி, அதில் ஒளிரும் சாயம் ஒட்டும்படி செய்து, டி.என்.ஏ.வுக்கு வேறொரு சாயம் ஏற்றியிருக்கிறார்கள். இழை நீள்கிறது, அதன் நுனி டி.என்.ஏ.வைத் தொட்டுப் பற்றுகிறது, பிறகு பின்வாங்குகிறது, டி.என்.ஏ.வும் கூடவே செல்லை நோக்கி வருகிறது.

ஆத்தா வீட்டுக் கிணற்றில் வாளி விழுந்தால் பாதாளக் கரண்டியை இறக்கித் துழாவுவோமே, அதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் இங்கே கயிறு மேலே வந்து குவிவதில்லை. அடியில் உள்ள மோட்டார் புரதம் இழையைக் கண்ணி கண்ணியாகப் பிரித்துச் சவ்வுக்குள் சேர்க்க, அதே கண்ணிகள் அடுத்த இழைக்கு உதவுகின்றன. இழுப்பதுதான் காரணம் என்பதை உறுதிசெய்ய அவர்கள் பிலியின்மேல் பருத்த மூலக்கூறுகளை ஒட்டவைத்தார்கள். முடிச்சு விழுந்த கயிறு கப்பியில் சிக்குவதுபோல் இழை உள்ளே திரும்ப முடியாமல் நின்றது, டி.என்.ஏ. உள்ளே போவதும் வெகுவாகக் குறைந்தது.

வெளிச்சவ்வில் பிலி வந்துபோகும் துளை மிகச் சிறியது, டி.என்.ஏ. இரண்டாக மடிந்து நுழையும் அளவுக்குத்தான் இடமிருக்கும். உள்ளே வந்ததை இன்னொரு புரதம் பற்றிக்கொள்கிறது. பிறகு உட்சவ்வைக் கடப்பது ஈரிழைகளில் ஒன்று மட்டுமே. பாக்டீரியாவின் சொந்த டி.என்.ஏ.வில் அதற்கு ஒத்த பகுதி இருந்தால், அங்கே மாற்றிப் பொருத்தப்படுகிறது. மருந்துக்கு அடங்காத தன்மை ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும் வழிகளில் இதுவும் ஒன்று. இரண்டு பாக்டீரியாக்களை இணைக்கும் பாலியல் பிலியோடு இதைக் குழப்பிக்கொள்ளாதே. விடைத்தாள்களில் நான் அதிகம் சிவப்பு மை செலவழித்தது அந்தக் குழப்பத்துக்குத்தான்.

நீ ரசிக்கக்கூடிய செய்தி ஒன்று. இந்தக் கருவிகளைக் காலரா பாக்டீரியா எப்போதும் செய்து வைத்திருப்பதில்லை. கடலிலும் கழிமுகத்திலும் இறால் போன்றவற்றின் ஓட்டில் உள்ள கைட்டின் என்னும் பொருளின்மேல் அமரும்போதுதான் அதற்குரிய மரபணுக்கள் விழிக்கின்றன என 2005இல் கண்டறிந்தார்கள். அதே வேளையில் அண்டை பாக்டீரியாவைக் குத்திக் கொல்லும் ஈட்டி போன்ற கருவியும் தயாராகிறது என்பது 2015இல் தெரிந்தது. ஆகவே சிதறிக்கிடப்பதைப் பொறுக்குகிறது என்று மட்டும் சொன்னால் போதாது, கொன்றுவிட்டும் எடுத்துக்கொள்கிறது.

படக்காட்சியை உன் அலைபேசிக்கு அனுப்பியிருக்கிறேன். ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவிடாதே. இழையின் நுனியை மட்டும் கவனித்து இரண்டாம் முறை பார். பாதாளக் கரண்டி இன்னும் நம் பரண்மேல்தான் கிடக்கிறது, கொக்கி ஒன்று மட்டும் உடைந்திருக்கிறது.

அன்புடன்,
அம்மா