வேன் பேசும் முன்: சுற்றுலா ஏற்பாடு செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

குடியிருப்புச் சங்கத்துக்கும் அலுவலகத்துக்கும் சொந்தபந்தங்களுக்கும் பொறுப்பேற்றுச் சுற்றுலா ஏற்பாடு செய்யும் அன்பர்களே,

வணக்கம். இருபது பேரிடம் பணம் பிரித்து, வேன் பேசி, அறை பிடித்து, எல்லோரையும் பத்திரமாக வீடு சேர்ப்பது லேசான வேலை இல்லை. அந்த உழைப்பு வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறோம். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: ஊரை முதலில் முடிவு செய்யாதீர்கள். உங்கள் கூட்டத்துக்கு எந்த நிலம் பிடிக்கும் என்று விசாரியுங்கள். அந்த நிலம் எந்த மாதத்தில் நன்றாக இருக்கும் என்று பாருங்கள். ஊர் அதற்குப் பிறகு.

"எங்கே போகலாம்?" என்று கேட்டால் ஊட்டி, கொடைக்கானல் என்றுதான் பதில் வரும். "எதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா உட்காருவீர்கள்?" என்று கேளுங்கள். அலை, அருவி, மூடுபனி, பச்சை வயல், பறவைகள் என்று வேறு வேறு பதில்கள் வரும். ஆளுக்கு ஒன்று என்று எழுதி வாங்கினால் பத்து நிமிட வேலை.

பச்சை வயல் பிடித்தவர்களை மே மாதம் தஞ்சாவூர்ப் பக்கம் கூட்டிப் போனால் வெடித்த மண்ணைத்தான் பார்ப்பார்கள். இந்த வயல்களுக்குத் தண்ணீர் தரும் மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். அணையில் நீர் குறைவாக இருந்தால் திறக்கும் நாள் தள்ளிப்போகும்; திறந்த பிறகும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டச் சில நாட்கள் ஆகும். டெல்டா முழுக்கப் பச்சை விரிந்து கிடப்பது சம்பா நெல் வளர்ந்து நிற்கும்போது. நவம்பரிலேயே பச்சைதான், ஆனால் புயலும் அடைமழையும் அப்போதுதான். ஆகவே மார்கழியின் பின்பாதி சரியான நேரம். பொங்கல் கழிந்தால் அறுவடை இயந்திரம் இறங்கிவிடும். பெரிய சாலையை விட்டு வாய்க்கால் கரைச் சாலையில் வண்டியை விடச் சொல்லுங்கள். இவ்வளவு அழகான நிலத்தைக் கோயில்களுக்கு நடுவே கடந்துபோகும் வழியாக மட்டும் பார்ப்பது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம்.

மலை என்று வந்தால் பெயரை விட உயரத்தைப் பாருங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500, கொல்லிமலை அதற்கும் கீழே. சேலத்தில் 40 டிகிரி அடிக்கும் நாளில் ஏற்காட்டில் கம்பளி தேவைப்படாது. குளிரை எதிர்பார்த்து வந்தவர்கள் அங்கே ஏமாறுவது இதனால்தான். மூடுபனியும் புல்வெளியும் சோலைக்காடும் வேண்டுவோருக்கு உயர்ந்த மலைதான், அதுவும் கோடை நெரிசலில் வேண்டாம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வந்தது. முன்பணம் கட்டுவதற்கு முன்னால் பாஸ் எடுங்கள். குறிஞ்சிப் பூவுக்காகக் காத்திருப்பவர்களுக்கு: பெரிய பூப்பு 2018-இல் முடிந்தது, அடுத்தது 2030. மூணாறு போகிறவர்கள் கவனிக்க: வரையாடு குட்டி போடும் காலம் என்பதால் அங்குள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பிப்ரவரி, மார்ச்சில் மூடுவது வழக்கம்.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருபவர்களை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். கிளம்பும் முன் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். மாத்திரை போடுவதானால் அடிவாரத்துக்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். அங்குள்ள ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல் படிகள். இறங்குவது சுலபம், திரும்பி ஏறுவதுதான் பாடு. முட்டிவலி உள்ளவர்களுக்கு இதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

அருவி என்றால் குற்றாலம், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் பாதி முதல் ஆகஸ்ட் வரை. மேயில் பாறை மட்டும் தெரியலாம். வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை விழும். ஆகவே இரண்டு இரவு தங்கும்படி திட்டமிடுங்கள்.

கடலுக்குக் காற்றைப் பார்க்க வேண்டும். தனுஷ்கோடியில் வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல் என்பார்கள். ஆடிக் காற்றில் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வாடைக் காற்றில் வடக்குப் பக்கம். இரண்டிலும் குளிக்க இறங்க வேண்டாம். மாலையில் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். பிச்சாவரத்தில் துடுப்புப் படகு கேளுங்கள். சுரபுன்னை என்னும் அலையாத்தி மரங்களின் வேர்கள் தலைக்கு மேல் கவியும் குறுகிய கால்வாய்க்குள் மோட்டார் படகு போகாது. பூநாரையும் வெளிமானும் பார்க்கக் கோடியக்கரை, நவம்பர் முதல் பிப்ரவரி வரை.

திருச்செந்தூர் போகிறவர்கள் பக்கத்திலுள்ள குதிரைமொழித் தேரியின் செம்மண் மேடுகளுக்கு ஒரு விடியற்காலையை ஒதுக்குங்கள். வெயில் ஏறினால் மணலில் கால் வைக்க முடியாது.

கூட்டம் இரண்டு நிலங்களுக்குப் பிரிந்தால் சண்டை வேண்டாம், பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைச் சேருங்கள். குற்றாலத்தில் அருவியும் திருச்செந்தூரில் கடலும் மூன்று மணி நேரப் பயணத்துக்குள் அடங்கும். ஆனால் இரண்டு நாளில் எட்டு இடம் என்று நோட்டீஸ் அடிக்காதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். இரவு முழுக்க ஓட்டி வந்த ஓட்டுநருக்குக் காலையில் ஐந்து மணி நேரமாவது தூங்க இடம் கொடுத்த பிறகுதான் மலை ஏறச் சொல்ல வேண்டும். அந்த அறை வாடகையையும் ஆரம்பத்திலேயே தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நிலம் பார்த்து ஊர் தேர்ந்தெடுக்கும் பயணிகள் சிலர்