29சி-க்கு எத்தனை முறை சக்கரம் மாட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

பஸ், லாரி ஓட்டும் கணினி விளையாட்டுகளில் நம் ஊர் வண்டிகளைச் செய்து சேர்ப்பதற்கு ‘மோட்’ என்று பெயர். சென்னையில் இதைச் செய்யும் இளைஞர்கள் பலர். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி-யை ஒருவர் செய்து முடிப்பார். அடுத்த தெருவில் இன்னொருவர் அதே பஸ்ஸுக்கு முதலிலிருந்து சக்கரம் வரைந்துகொண்டிருப்பார். எல்லாருக்கும் பொதுவாக ஒரு சேமிப்பகம் வைப்போம் என்று பேச்சு எழும், ஒரு டிரைவ் ஃபோல்டர் திறப்பார்கள். சில மாதங்களில் அதில் ‘பஸ் ஃபைனல்’, ‘பஸ் ஃபைனல் 2’, ‘பஸ் நிஜ ஃபைனல்’ என்று கிடக்கும். அது நூலகம் அல்ல, குடோன்.

நூலகமாக்க வேண்டுமானால் சில விதிகள் வேண்டும். முதல் கேள்வி, முருகன் ஔவையிடம் கேட்டதுதான்: சுட்டதா, சுடாததா? வேறொரு விளையாட்டிலிருந்து உருவிய மாடல் (முப்பரிமாண உருவம்) ஒன்று உள்ளே நுழைந்தால், அதைச் சேர்த்துச் செய்த அத்தனை மோடும் ஒரே புகாரில் நீக்கப்படலாம். ஆகவே மாடல் செய்யும் மென்பொருளான பிளெண்டரின் மூலக்கோப்பு தராதவரின் மாடலை ஏற்கக் கூடாது. உருவியவரிடம் விளையாட்டுக்கென மாற்றிய ஏற்றுமதிக் கோப்பு இருக்கும். மாடிஃபயர்களோடு (வடிவத்தை மாற்றும் படிகளோடு) கூடிய மூலம் பெரும்பாலும் இருக்காது. உரிமத்துக்கு கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி0 (நிபந்தனை இல்லை) அல்லது சிசி-பை 4.0 (செய்தவர் பெயரைச் சொன்னால் போதும்) போதும். வணிகத்துக்குத் தடை போடும் என்சி உரிமம் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் யூடியூப் விளம்பரக் காசு வணிகமா இல்லையா என்ற சண்டை ஓயாது. தெருச்சுவரைப் படமெடுத்து டெக்ஸ்சர் (மாடலின் மேல் ஒட்டும் படம்) ஆக்குபவர்கள் சினிமா போஸ்டர், முகங்கள், நம்பர் பிளேட் மூன்றையும் அழித்துவிட்டுத் தர வேண்டும். சென்னைச் சுவரில் போஸ்டரை அழித்தால் மிச்சம் என்ன இருக்கும் என்பது வேறு விஷயம்.

அதிகம் சொதப்புவது அளவில். பிளெண்டரின் இயல்பான அலகு மீட்டர், விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான அன்ரியலில் சென்டிமீட்டர். பிளெண்டரில் மேல்திசை இசட் அச்சு, அன்ரியல் போன்ற இன்னொரு மென்பொருளான யூனிட்டியில் ஒய். இதைக் கவனிக்காமல் ஏற்றுமதி செய்தால் சுமார் 2.6 மீட்டர் நீள ஆட்டோ நூறு மடங்கு ஊதிவிடும், இல்லையென்றால் குப்புறக் கிடக்கும். ஏற்றுமதிக்கு முன் ‘அப்ளை ஸ்கேல்’ (மாற்றிய அளவை நிலையாக்கும் கட்டளை) கொடுப்பதும், மாடலின் மையப்புள்ளியைத் தரைமட்டத்தில் வைப்பதும் கட்டாயம். ரயிலில் இது இன்னும் கறார்: புறநகர் மின்ரயிலின் பாதை அகலம் 1,676 மி.மீ., மெட்ரோவுக்கு 1,435. மெட்ரோவுக்குச் செய்த சக்கரத்தை அப்படியே எடுத்து மின்ரயிலில் மாட்டினால், இரு பக்கமும் தண்டவாளத்துக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உள்ளே தொங்கும்.

டெக்ஸ்சரில் பேராசை வேண்டாம். 4096 பிக்சல் சதுரப் படம் சுருக்காமல் நினைவகத்தில் 64 எம்பி பிடிக்கும். 1024 என்றால் 4 எம்பிதான். ஆட்டோவுக்கு 1024 தாராளம். நார்மல் மேப் (மேடுபள்ளம் இருப்பதுபோல் காட்டும் படம்) ஓப்பன்ஜிஎல் வகையா டைரக்ட்எக்ஸ் வகையா என்று எழுதி வைக்க வேண்டும். இரண்டுக்கும் பச்சைச் சேனல் தலைகீழ். மாற்றிப் போட்டால் பஸ் தகட்டில் புடைத்திருக்க வேண்டிய ரிவிட், குழி விழுந்ததுபோல் தெரியும்.

தமிழுக்கென்றே இரண்டு சிக்கல்கள் உண்டு. யூனிகோடில் ‘கொ’வின் துணையெழுத்தை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. ‘கொளத்தூர்’ பலகையைத் தேடினால் கிடைக்காமல் போவது இதனால்தான். எனவே கோப்புப் பெயர்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில், பட்டியல் தமிழில் இருக்கட்டும். இன்னொன்று, பல விளையாட்டுகளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. ‘பெரம்பூர்’ என்று தட்டினால் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஊர்ப்பலகைகளை நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற கட்டற்ற எழுத்துருவில் படமாகவே செய்து வைப்பது நல்லது.

ஒவ்வொரு பொருளோடும் ஒரு அட்டை வேண்டும்: செய்தவர், உரிமம், மெய்யான அளவு, மாடலில் உள்ள முக்கோணங்களின் எண்ணிக்கை, எந்த விளையாட்டில் சோதித்தது. ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்து வகைப்படுத்தும் கோலன் முறையை 1933-லேயே வெளியிட்ட எஸ்.ஆர்.ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகர். அவர் ஊரில் ‘பஸ் ஃபைனல் 2’ என்று பெயர் வைக்கலாமா?

கோப்புகளைப் பதிப்பு வாரியாகச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் வைப்பவர்கள் 100 எம்பியைத் தாண்டும் கோப்புகளுக்கு எல்எஃப்எஸ் (பெரிய கோப்புகளுக்கான துணைக்கருவி) போட்டுக்கொள்ள வேண்டும். பழைய பதிப்பை அழிக்கவே கூடாது. சக்கரத்தின் மையம் இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் அது புதிய பதிப்பு எண்தான். இல்லாவிட்டால் பழைய பஸ்களில் டயர் மட்கார்டைக் கிழித்துக்கொண்டு சுற்றும்.

தொடங்க முப்பது பொருள் போதும். ஆனால் எல்லாரும் பஸ்தான் கொண்டுவருவார்கள். மின்வாரியப் பெட்டி, குப்பைத்தொட்டி, இளநீர் வண்டி, போலீஸ் தடுப்பு செய்ய ஆள் வராது. ஒரு பஸ்ஸை ஏற்க வேண்டுமானால் கூடவே ஐந்து தெருப் பொருட்கள் தர வேண்டும் என்று முதல் நாளே விதி போட்டுவிடுவது நல்லது.

மோட் செய்வோர் சிலர்,
பெரம்பூர், சென்னை-11.